நாகோயாவுக்குப் போன கடிதம்

பம்பலப்பிட்டிச் சந்தியில் பச்சை விழுந்தது.
எல்லோரும் போனார்கள்.
என் கார் மட்டும்
தொண்டையைச் செருமிவிட்டு நின்றது.
மிதித்தால் எஞ்சின் கத்துகிறது,
சில்லுக்கு அந்தச் சேதி போகவில்லை.
நூறாம் இலக்க பஸ்
என் முதுகுக்குள்ளேயே ஹோர்ன் அடித்தது.
"நான் இதிலேயே இறங்குறன் அண்ணா" என்றா
பின்சீட்டில் இருந்தவ.
இறங்கி, குடை விரித்து,
ஒற்றை நட்சத்திரம் தந்துவிட்டுப் போனா.

பஞ்சிகாவத்தையில் ரிழ்வான்
காருக்குக் கீழே படுத்தபடி சொன்னான்:
"ஒங்கட பிழயில்ல பொஸ்.
காருட பிழயுமில்ல.
செஞ்ச எடத்துப் பிழ."

இரட்டைக் கிளட்சைத் தள்ளி இழுக்கும்
ஒரு கையளவுப் பெட்டி.
சூடேறினால் எந்தக் கியரில் நிற்கிறோம் என்பது
அதற்கு மறந்துவிடுமாம்.
கொம்பனியே ஒத்துக்கொண்டதாம்.
நாலு வருசத்துக்கு முன்னமே
கொண்டு வாருங்கள், சும்மா மாற்றித் தருகிறோம் என்று
எல்லாக் காரையும் திரும்ப அழைத்ததாம்.

யாரை அழைத்தது?

வாங்கிய அன்று டாஷ்போர்டுப் பெட்டிக்குள்
ஒரு பார்க்கிங் துண்டு கிடந்தது,
சிவப்பு நூல் கட்டிய சின்னக் கோயில் பை,
உருகி உறையோடு ஒட்டிய மிட்டாய் ஒன்று.
நாகோயா என்று ரிழ்வானின் மச்சான் வாசித்துச் சொன்னான்.
கடிதம் அந்த வீட்டுக்குத்தான் போயிருக்கும்.
அவர் கண்ணாடி போட்டு வாசித்திருப்பார்,
அதுதான் விற்றாயிற்றே என்று
பழைய பேப்பரோடு சேர்த்துக் கட்டியிருப்பார்.
அந்நேரம் கார் கப்பலில்,
அம்பாந்தோட்டைக்கு வரும் வழியில்,
கூப்பிட்டால் கேட்காத தூரத்தில்.

இங்கே என்னை
மாதம் தவறாமல் அழைத்தவன்
லீசிங்காரன் மட்டும்.

யூனியன் பிளேசில் கண்ணாடிக் கட்டடம்.
நாற்பத்தேழாம் துண்டு என் கையில்.
சேஸி இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன்.
நெத்மி என்று சட்டையில் பெயர் குத்திய பிள்ளை
ஒவ்வோர் இலக்கமாகத் தட்டினாள்.
"இருக்கு" என்றாள் சிங்களத்தில்,
"பட்டியலில் இருக்கு."

எனக்குக் கால் சோர்ந்தது.
வவுனியாவில் ஒரு மேசைக்கு முன்னால்
அம்மா இப்படி நின்றதைப் பார்த்திருக்கிறேன்.
அங்கே தாள் புரட்டியவன்
தலையை நிமிர்த்தவேயில்லை.
ஒரு பட்டியலில் இருப்பது
இவ்வளவு இலேசா?

"ஆனால் சேர்,
இது நாங்கள் இறக்கின கார் இல்லையே."

நாலு தரம் போனேன்.
மனேஜர் மீட்டிங்கில், மனேஜர் கண்டியில்,
மனேஜர் இப்போதுதான் சாப்பிடப் போனார்.
ஐந்தாம் தரம் நெத்மி
குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:
யப்பானுக்குத் தானே எழுதினாளாம்,
பெட்டி சும்மா வரும்,
கைக்கூலி மட்டும் உங்களது.
பதினொரு கிழமை.
அதுவரை ஏற்றத்தில் ஆள் ஏற்றாமல்,
கொட்டாஞ்சேனைப் பக்கம் போகாமல்,
சிவப்பு லைட்டைக் கண்டால்
அரை மைலுக்கு முன்பே வியர்த்து ஓட்டினேன்.

மாற்றிய பிறகு கழற்றிய பெட்டியைக் கேட்டேன்.
கொடுக்க முடியாதாம், திருப்பி அனுப்ப வேண்டுமாம்.
பாருங்கள்,
அது மட்டும் ஊருக்குப் போகிறது.

இப்போது கண் வேறு எதையும் பார்ப்பதில்லை.
வெள்ளவத்தைச் சந்தையடியில் மூன்று,
மரைன் டிரைவில் ஏழு,
அதே மூக்கு, அதே விளக்கு, அதே வருசம்.
தமிழிலும் சிங்களத்திலும் எழுதி,
கீழே என் நம்பர் போட்டு,
வைப்பருக்கு அடியில் செருகிவிட்டு நடக்கிறேன்:
"உங்கள் காரைக் கூப்பிடுகிறார்கள்."
ஒருவர் டியூட்டரி விளம்பரம் என்று கசக்கினார்.
ஒருத்தி எவ்வளவு தண்டம் என்று பதறினா.
மிச்சத்தைக் கடற்காற்று
தண்டவாளம் தாண்டி இழுத்துப்போனது.

நேற்றிரவு பத்தரைக்குத் தெரியாத நம்பர்.
பின்னால் ஒரு குழந்தை அழுகிற சத்தம்.
சிங்களத்தில் ஓர் ஆண்குரல், தயங்கித் தயங்கி:
"நீங்கள்தானா அந்தத் தாள்...
கடுவலைப் பாலத்தில் நின்றுவிட்டது."
"ஹசார்ட் லைட்டைப் போடுங்கள்" என்றேன்.
"பிள்ளையை இடப்பக்கமாக இறக்குங்கள்.
பிறகு சேஸி இலக்கத்தை வாசியுங்கள்.
ஆறுதலாக.
நான் எழுதுகிறேன்."